மஞ்சள் புள்ளி வைத்த ரேடியேட்டர்

என் வண்டியைச் செய்த கம்பெனிக்காரர்களே வந்து பார்த்தாலும் அதை அடையாளம் காண முடியாது. முன் ஃபோர்க் ஒரு வண்டியுடையது, ஹேண்டில் இன்னொன்றுடையது. ஆசைப்பட்டு மாற்றியதெல்லாம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் அந்தத் தடித்த ஃபோர்க் ரேடியேட்டரில் இடித்து இடித்து, ஒருநாள் ஒரகடம் சிக்னலில் எஞ்சினைக் குளிர வைக்கும் பச்சைத் தண்ணீர் என் ஷூவில் கொட்டியது.

அதே ரேடியேட்டரைப் புதிதாக வாங்கினால் அதே அகலம், அதே இடி. ஆன்லைனில் ஒன்று குறுகலாகக் கிடைத்தது. அதன் வெல்டிங்கைப் படத்தில் பார்த்தபோதே எரிச்சல் வந்தது. நான் வேலை செய்வது பைக் ரேடியேட்டர் செய்யும் கம்பெனியில், லீக் டெஸ்ட்டில். இந்த விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்கிற திமிர் எனக்கு நிறையவே உண்டு.

வண்டியில் இருந்த இடைவெளியின் அளவுக்கு ஓர் அட்டையை வெட்டி எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பழைய பாகங்கள் விற்கும் கடைக்குப் போனேன். சாலையில் கம்பெனி பஸ் ஒன்றுகூட இல்லை. தகரக் கொட்டகையில் ரேடியேட்டர்கள் வரிசையாகத் தொங்கின. காற்றே இல்லாத அந்த வெயிலில், வரிசையில் ஒன்று மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் இப்போதுதான் தொட்டிருப்பார் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் அவர் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அட்டையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் நசுங்கல். பின்பக்கம் திருப்பினால், பிடிமானத் தகட்டின் மறைவில் வால் நீண்ட ஒரு மஞ்சள் புள்ளி. பாஸான பீஸில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் புள்ளி வைப்போம். இது நான் வைத்தது. உடம்பு சிலிர்த்தாலும் முதலில் சந்தோஷம்தான். நானே பாஸ் செய்த பீஸ் என்னைத் தேடி வந்திருக்கிறது!

நான் அதைக் கொக்கியிலிருந்து இறக்கிய சத்தம் கேட்டுக் கடைக்காரர் எழுந்து வந்தார்.

"இது எந்த வண்டிதுண்ணா?"

"பென்னலூர்ப் பக்கம் ஒரு பையன் வண்டி. ஓட்டிக்கினு போவசொல்லோ தண்ணி ஒழுகி, பின் டயர்ல பட்டு வழுக்கிடுச்சாம். அவங்கப்பாதான் எத்தாந்து போட்டாரு."

"அந்தப் பையன்?"

"நான் கேக்கல தம்பி. அவரும் சொல்லல. சீட்டு மேல கைய வச்சிக்கினு ரொம்ப நேரம் நின்னுகினு இருந்தாரு."

ஓவர்டைம் பார்க்கும் நாட்களில் எங்கள் லைனில் ஒரு வழக்கம். ஒரு டிரே முழுக்க முதலிலேயே புள்ளி வைத்துவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகக் காற்றடைத்துத் தண்ணீரில் முக்குவோம். ஓட்டை இருந்து குமிழி வந்தால் தின்னர் தொட்டுப் புள்ளியை அழித்துவிடலாம் என்பது கணக்கு. பஸ் கிளம்பும் நேரமாகிவிட்டால் கடைசிச் சிலவற்றை முக்காமலே அனுப்பியதும் உண்டு. அதான் புள்ளி இருக்கிறதே!

பஞ்சர் பார்க்கும் தொட்டி ஓரமாக இருந்தது. ரேடியேட்டரின் ஒரு வாயை ரப்பரால் அடைத்து, இன்னொரு வாயில் காற்றுக் குழாயைச் செருகித் தண்ணீரில் முக்கினேன். நசுங்கிய இடப்பக்கத்திலிருந்து குமிழி வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அங்கிருந்து வந்தால் அது விழுந்ததில் ஆன ஓட்டை, என் பொறுப்பில்லை. இப்படியும் ஒரு வேண்டுதல் இருக்குமா என்று என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

இடப்பக்கம் அசையாமல் கிடந்தது. வலப்பக்கம், ஒரு கீறல்கூட இல்லாத கம்பெனி வெல்டிங் இணைப்பில், கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தன. காற்றை நிறுத்திய பிறகும் சில வந்தன.

"அட, சின்ன ஓட்டதான்! வெல்டிங் வச்சா நின்னுடும்," என்றார் கடைக்காரர். நான் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, பொருள் எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துவிட்டார் போலும். "அந்தப் பையனோட அப்பா வூட்ல இன்னும் பார்ட்ஸ் கீது. நீயே பேசு," என்று தன் போனில் நம்பரைப் போட்டு என் காதில் வைத்துவிட்டு, வாசலில் கூப்பிட்ட யாரையோ பார்க்கப் போனார்.

மூன்றாவது மணியில் எடுத்தார்கள். "அலோ, யாருப்பா?" வயதான, நிதானமான குரல். பின்னால் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. பையன் எப்படி இருக்கிறான் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். புள்ளி என்னுடையது என்று சொல்லியிருக்கலாம்.

"வண்டி விஷயமாப்பா?" என்றார் மறுபடியும்.

"இல்லீங்க. ராங் நம்பர்."

"பரவால்ல தம்பி," என்று சொல்லிவிட்டு அவரே போனை வைத்தார்.