டேங்க் மூடியின் திருகு

பிரேசர் டவுன் பங்கில் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட நின்றபோது அந்த வாசனை மூக்கில் ஏறியது. எட்டு வயதில் அது எனக்குக் குமட்டும்.

அப்பா அப்போது அல்சூர் ஏரியில் ஆகாயத்தாமரை அள்ளும் மோட்டார் படகை ஓட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டார். என் காலடியில் பெட்ரோல் டேங்க். வாசனை தாங்காமல், மூடியின் மேலிருந்த சின்னத் திருகை இறுக்கிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

நடு ஏரியில் மோட்டாரின் வேகம் குறைந்து, இருமி, நின்றது. அப்பா கயிற்றை இழுத்துக் கிளப்பினார். சற்று ஓடி மறுபடி நின்றது. பிளக்கைக் கழற்றித் துடைத்தார். தண்ணீருக்குள் இருந்த மோட்டார் விசிறியில் ஆகாயத்தாமரை வேர் சுற்றியிருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றுமில்லை.

"அந்த செல்வம்தான் பெட்ரோல்ல ஆயிலை தப்பா கலந்துட்டான். மேஸ்திரிகிட்ட சொல்லி அவனை நிறுத்திடறேன்" என்றார். செல்வம் அவருடன் வேலை செய்பவர். எங்கள் பக்கத்து வீடு.

எனக்கு அழுகை வந்தது. "நான்தாம்பா இதை மூடினேன்" என்று திருகைக் காட்டினேன்.

அப்பா அதைத் தளர்த்தினார். டேங்க் உஸ்ஸென்று காற்றை உள்ளிழுத்தது.

"காத்து உள்ள போனாதானேம்மா பெட்ரோல் வெளிய வரும்" என்றார் என்னிடம். திட்டவில்லை. மோட்டார் ஒழுங்காக ஓடியது.

கரையில் கயிற்றைப் பிடித்த செல்வம், "ஏண்ணா இவ்ளோ லேட்டு?" என்று கேட்டார்.

"வேர் சுத்திக்கிச்சுப்பா" என்றார் அப்பா, செல்வத்தின் முகத்தைப் பார்க்காமல்.

எனக்காகச் சொன்ன பொய் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். பங்கில் நின்றபோதுதான், செல்வத்தின் மேல் பழி போட்ட தனக்காகவும்தான் அப்பா அதைச் சொன்னார் என்று தோன்றியது.