சூசை அண்ணையின் பதினொரு கொச்சிக் கன்றுகள்

நுரைத்துக்கொண்டிருக்கும் முந்திரிகை வற்றல்… கறுவா, கராம்பு… கூடவே காயப்போட்ட ஈரக் காலுறை. எண்பதுகளின் நடுவில் மொன்றியலில் நாங்கள் இருந்த பேஸ்மென்ட் வீட்டின் மணம் இதுதான். இப்போதும் எங்கேயாவது கறுவா மணம் வந்தால் மூக்கு தானாகவே காலுறையைத் தேடுகிறது.

அந்த வீட்டில் சூடான இடம் ஒன்றே ஒன்று, ஜன்னலுக்குக் கீழே இருந்த பழைய ஹீட்டர். அதன் ஒரு பக்கம் சூசை அண்ணையின் வைன் போத்தல். மறுபக்கம் கொச்சிக் கன்றுகள். நடுவில் மிஞ்சிய இடத்தில்தான் மனிதர்கள் குளிர்காயலாம்.

சூசை அண்ணை மட்டக்களப்பார். நான் யாழ்ப்பாணம். நான் மிளகாய் என்பேன், அவர் கொச்சிக்காய் என்பார். இரண்டு பேரும் அகதி வழக்கு முடியக் காத்திருந்தவர்கள். அவருக்கு இரண்டு இடத்தில் கோப்பை கழுவும் வேலை. ரெஸ்டோரன்டில் தூக்கிப் போட்ட பெரிய ஊறுகாய்ப் போத்தலைக் கழுவி எடுத்து வந்து, ஊரில் நத்தார்ப் பண்டிகைக்குச் செய்வதுபோல முந்திரிகை வற்றலில் வைன் போட்டிருந்தார். வாயைத் துணியால் கட்டி, தினமும் மரக்கரண்டியால் கிண்டுவார். மேரி அக்கா வந்து இறங்கும் நாளில்தான் அதைக் குடிப்பது என்று சபதம்.

மேரி அக்கா அவருடைய மனைவி. மட்டக்களப்பில் இருந்தார். கடைசியாக வந்த கடிதத்துக்குள் சிறு தாளில் மடித்துக் கொஞ்சம் கொச்சி விதை வைத்திருந்தார். "இது காய்க்கிறதுக்குள்ள நான் வந்திருவன்" என்று எழுதியிருந்தார். அதன் பிறகு கடிதமே இல்லை. ஊர் நிலைமை அப்படி… நாங்கள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

சூசை அண்ணைக்கு நேரம் இல்லாததால் விதையை என்னிடம் தந்தார். கோப்பிக் கப்புகளில் போட்டேன். பதினொன்று முளைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வீட்டில் நிற்பார். குனிந்து ஒவ்வொன்றாக எண்ணுவார். அந்த மனிதன் இலைகளை எண்ணவில்லை என்பது எனக்குப் புரிந்தே இருந்தது.

பிறகு நான் செய்தேன் ஒரு வேலை.

சித்திரை வருடப்பிறப்பு வந்தது. அம்மா கடிதத்தில் பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பெரியவர்கள் காசு தரும் கைவிசேட நேரம், நடுகைக்கு நல்ல நேரம் எல்லாம் எழுதி அனுப்பியிருந்தார். நேர வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தால் காலை வேளை. வெளியே நல்ல வெயில், பனி கரைந்து தெருவெல்லாம் தண்ணீர், பெடியள் ரீசேர்ட்டோடு திரிகிறார்கள். இதைவிட என்ன வேண்டும்? நெற்றியில் திருநீறு, கையில் கரண்டி. பின்வளவில் நாலு விரல் ஆழத்துக்குக் கீழே மண் கல்லாகக் கிடந்தது. அப்போதாவது யோசித்திருக்கலாம். மேல்மாடியில் இருந்த வீட்டுக்காரி, கிரேக்கக் கிழவி, ஜன்னலைத் தட்டி விரலை ஆட்டினாள். தோட்டத்தைக் கிண்டாதே என்கிறாள் என்று நினைத்து, அவள் இறங்கி வருவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று இன்னும் வேகமாக நட்டேன்.

மூன்றாம் நாள் பனி கொட்டியது. பதினொன்றும் அவித்த கீரை போலப் படுத்துவிட்டன. கிழவி விரலை ஆட்டியது இதற்குத்தான்.

சாதாரணக் கன்று என்றால் கவலையில்லை. மேரி அக்காவிடமிருந்து வந்த கடைசிப் பொருள் அது. அவருக்கு ஏதாவது நடந்திருந்தால்… சனிக்கிழமை மார்க்கெட்டுக்கு ஓடி, கண்ணில் பட்ட மிளகாய்க் கன்றில் பதினொன்றை வாங்கி, அதே கோப்பிக் கப்புகளில் நட்டு ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். இலை எல்லாம் ஒன்றுதானே.

ஞாயிற்றுக்கிழமை அவர் எண்ணினார். பதினொன்று. வழக்கம்போல எழுந்து வைனைக் கிண்டப் போனார். மே மாதக் கடைசியில், கிழவி கலண்டரில் கையால் காட்டித் தந்த நாளில், இரண்டு பேருமாக வெளியே நட்டோம்.

ஆவணியில் காய்த்தது. முழங்கை உயரச் செடியில் கைப்பிடி அளவுக் காய்கள், பூசினாற்போல் வழுவழுவென்று, நிலத்தைப் பார்த்துத் தொங்கின. கடித்தால் சீனி. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மேரிட கொச்சி மேல பாத்துத்தான் காய்க்கும் மனே," என்றார். ஒரு காயைப் பிடுங்கிக்கொண்டு, "அண்டைக்குப் பனி கொட்டக்குள்ளயே எனக்கு விளங்கிற்று. நீ ஒளிச்ச மாதிரி நானும் தெரியாத மாதிரி இருந்திட்டன்."

அன்றிரவு அந்தக் காயில்தான் கறி. இரண்டு பேரும் உறைப்புக்கு மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டுச் சாப்பிட்டோம். நான் அழுததற்கு மிளகாய்த்தூள் காரணம் இல்லை.

கார்த்திகையில் கடிதம் வந்தது. மேரி அக்கா உயிரோடு இருந்தார். வந்து சேர மேலும் ஒரு வருடம் எடுத்தது. வந்த அன்று வைனைத் திறந்தோம். பழப்புளி தோற்றுவிடும். அக்கா முகம் சுழிக்காமல் ஒரு கிளாஸ் குடித்தார். பிறகு கேட்டார்.

"நான் அனுப்பின கொச்சி காய்ச்சதா?"

"ஓம். நல்லாக் காய்ச்சது. இவன்தான் பாத்தவன்," என்றார் சூசை அண்ணை, என் பக்கம் திரும்பாமலே.

இப்போது நான் மொன்றியலை ஒட்டிய லவாலில். கன்றுக்குத் தனி விளக்கு, பனி விழப்போகிறதென்று முதல் நாளே சொல்ல போன். ஒரு கன்றும் சாவதில்லை, ஒரு கன்றை நினைத்து நித்திரை கெடுவதுமில்லை. அவர்கள் பியர்பொன்ட்ஸில், மகனோடு. சூசை அண்ணைக்கு எண்பது தாண்டிவிட்டது, பல பெயர்கள் மறந்துவிட்டன. மேரி அக்கா முகநூலில் இல்லை என்ற தைரியத்தில்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

போன மாதம் போயிருந்தேன். பாதி பிரெஞ்சில் கதைக்கும் பேரப்பிள்ளைகளுக்கு அண்ணை கதை சொல்லிக்கொண்டிருந்தார். அப்பம்மா அனுப்பிய விதை, அத்தனை பனிக்குள்ளும் பிழைத்து, வானத்தைப் பார்த்துக் காய்த்ததாம். அக்கா பக்கத்தில் இருந்து சிரித்தார்.

அண்ணைக்கு உண்மை மறந்துபோயிற்றா, இல்லை இன்னும் எனக்காகத்தான் சொல்கிறாரா… தெரியவில்லை. கேட்கவும் மனம் வரவில்லை.