விளக்கேற்றாத ஒளிவிழா

அசிற்றோனின் மணம் தெரியுமா? நகப்பூச்சு அழிக்கும் திரவம் இருக்கிறதே, அதே மணம்தான்... கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் மூக்கைக் குத்தும். ஜேர்மனியில் எசன் நகரத்தில் நான் முதன்முதலாக வேலைக்குப் போன பெயின்ற் தொழிற்சாலையில் காலையில் வாசலுக்கே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் தலைமயிரில் இருக்கும்.

பார்க்கத் தண்ணீர்தான். அதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். கடும் பனிக்காலத்திலும் அது ஆவியாகும், சின்னப் பொறி கிடைத்தால் பற்றும். அந்த ஆவி காற்றைவிடப் பாரம். மேலே போகாது, தரையோடு தரையாக ஊர்ந்து நெருப்பைத் தேடிக்கொண்டு போகும்.

முதல் வாரம் பாதுகாப்பு வகுப்பில் அதைக் காட்டினார்கள். கூரைத் தண்ணீர் வடிகிற மாதிரி ஒரு தகரப் பீலி, சரித்து வைத்தது. கீழ்முனையில் எரிகிற மெழுகுதிரி, மேல்முனையில் அசிற்றோனில் நனைத்த துண்டுத் துணி. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை... பிறகு 'புஸ்' என்று நெருப்பு கீழேயிருந்து ஓடிப்போய்த் துணியைப் பிடித்தது. "யேசுவே!" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற ஜேர்மன்காரர்கள் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும், நான் அதை மறக்கவில்லை.

அந்த வருடம் மார்கழியில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஒளிவிழா வந்தது. நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மசுக்கு, முன்னால் பிள்ளைகள் ஆடிப் பாடி நடிக்கிற விழா. எங்கள் ஆட்களின் விழா மங்கள விளக்கு ஏற்றாமல் தொடங்குமா? வேதக்காரர் என்றால் என்ன, சைவக்காரர் என்றால் என்ன, மேடையில் குத்துவிளக்கு நின்றே ஆகவேண்டும்.

என் மகள் மெலனிக்கு அப்போது ஆறு வயது. சம்மனசு வேஷம், வானதூதர். வெள்ளை நைலோன் சட்டை, முதுகில் கம்பியில் கட்டிய செட்டை. கண்ணூறு படப்போகிறது என்று நானே பயந்த அழகு.

மண்டபம் நிரம்பிவிட்டது. மேடைத் திரை மூடியிருந்தது. திரைக்கு முன்னால் விளக்கு, பின்னால் பிள்ளைகள். மெலனியின் செட்டையை நிமிர்த்தலாம் என்று திரைக்குப் பின்னால் போனேன்...

அந்த மணம்!

மேடையெல்லாம் ஈரம். மூலையில் மூடாத வாளி, அதற்குப் பக்கத்தில் நனைந்த துணிகள். ஜன்னல் எல்லாம் பூட்டு. சங்கச் செயலாளர் அன்ரன் பெருமையாக நின்றான்.

"ராணி அக்கா, கழட்டின கார்ப்பெற்றின்ர பசை பிசுபிசு எண்டு கிடந்தது. பிள்ளையளின்ர காலில ஒட்டப்போகுதெண்டு இப்பதான் அசிற்றோன் ஊத்தித் தேய்ச்சனாங்கள். பாருங்கோ, கண்ணாடி மாதிரி!"

மெலனி என் கையைப் பிடித்தாள். "அம்மா, தலை சுத்துது."

திரையை விலக்கிப் பார்த்தேன். பங்குச் சுவாமியார், அவர் ஜேர்மன்காரப் பாதிரியார், விளக்கேற்றுவதற்கு எரிகிற மெழுகுதிரியோடு மண்டபத்தின் நடுவால் மேடையை நோக்கி வந்துகொண்டிருக்கிறார். நெருப்பு ஆபத்து, திரியை அணையுங்கள் என்று ஜேர்மன் மொழியில் கத்தினேன். மனுஷன் ஒரு கேள்வி கேட்கவில்லை. நின்ற இடத்திலேயே ஊதி அணைத்தார்.

கேள்வி கேட்டது எங்கள் ஆட்கள்தான். சங்கத் தலைவர் சூசை அண்ணை மேடையில் பாய்ந்து ஏறினார்.

"என்ன பிள்ளை, விசரே உமக்கு? விளக்கேத்திற நேரத்தில திரியை நூக்கச் சொல்லிக் கத்திறீர்! அபசகுனம்!"

"சகுனத்தைப் பிறகு பாப்பம் அண்ணை. முதல்ல பிள்ளையளை வெளியில விடுங்கோ. சனத்தையும் எழும்பச் சொல்லுங்கோ."

"வெளியில பனி கொட்டுது!"

"கொட்டட்டும். பனியில ஒருத்தரும் எரியமாட்டினம்."

அன்ரன் காற்றாடியைப் போட சுவிச்சுக்குக் கையை நீட்டினான். "தொடாதை!" என்று நான் போட்ட சத்தத்தில் கை அந்தரத்தில் நின்றது. சுவிச்சுக்குள் வருகிற பொறியே போதும் அதற்கு. பின்கதவைத் திறந்து பிள்ளைகளை மெதுவாக முற்றத்துக்கு அனுப்பினேன். ஓடவிடவில்லை, நைலோன் உரசினாலும் பொறி வரும். பிறகு வாளியை மூடித் துணிகளோடு வெளியே வைத்து, ஜன்னல்களை அகலத் திறந்தோம். சனம் முணுமுணுத்தபடி முன்வாசலால் வெளியேறியது.

சூசை அண்ணை மட்டும் நம்பவில்லை. வீம்புக்குத் திரைக்குப் பின்னால் போய் நின்று பார்த்தார். திரும்பி வரும்போது ஆவி கடித்துக் கண்ணெல்லாம் தண்ணீர். நேரே முற்றத்துக்கு வந்து, தன் கோட்டைக் கழற்றி, நடுங்கிக்கொண்டு நின்ற குட்டிச் சம்மனசுகளைப் போர்த்திவிட்டார்.

"எப்ப கொளுத்தலாம் எண்டு நீர் சொல்லும் பிள்ளை."

"இண்டைக்கு ஏலாது அண்ணை."

அவர் தலையை ஆட்டினார். மணம் போய், மேடை காய்ந்து, விழா பிந்தித்தான் தொடங்கியது. விளக்கு எரியவே இல்லை. அதற்குப் பிறகு எங்கே கண்டாலும் 'விளக்கை நூத்த ராணி' என்று பகிடிதான். எனக்கு அந்தப் பட்டம் நல்ல விருப்பம். இன்றைக்கும் அப்படித்தான் செய்வேன்.

இப்போது எங்கள் மேடையில் பற்றறி விளக்கு. பொத்தானை அமத்தினால் பொய்ச் சுடர் ஆடும். மேடை துடைப்பது முதல் நாளே, ஜன்னல் திறந்து. எல்லாம் சரிதான்... ஆனால் திரியும் எண்ணெயும் கருகுகிற அந்த வாசம் இல்லாமல் விழா தொடங்கின மாதிரியே இல்லை.

மெலனி இப்போது பிராங்பேர்ட்டில் வேலை செய்கிறாள். போன நத்தாருக்கு வந்தபோது இந்தக் கதையை எடுத்தேன். தலை சுற்றியது ஞாபகம் இருக்கிறதா, சுவாமியார் திரியோடு வந்தது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்றும் இல்லையாம்.

"செட்டையோட பனிக்க நிண்டது மட்டும்தான் ஞாபகம் அம்மா. என்ன குளிர்! அண்டைக்கு உங்களில எனக்குச் சரியான கோவம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய் நின்று அழுதேன். குளிர் மட்டும்தான் ஞாபகமாம் என் பிள்ளைக்கு... எனக்கு அது போதும்.