உறை மேல் வரைந்த சூரியன்

தண்டையார்பேட்டை மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். காலையில் மட்டும் போடும் மாத்திரைக்கு இப்போது பெரும்பாலான டாக்டர்கள் ஒன்று-சைபர்-சைபர் என்று எழுதிவிடுகிறார்கள். எங்கள் தெருமுனை வயதான டாக்டர் மட்டும் ‘மானே’ என்றுதான் எழுதுவார். லத்தீனில் காலை. மாத்திரைக்குப் பக்கத்தில் அது இருந்தால் காலையில் போட வேண்டும் என்று அர்த்தம். வகுப்பில் முதன்முதலாகக் கேட்டபோது விழுந்து விழுந்து சிரித்தோம். கடையில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதில் எனக்குப் பெரிய பெருமை.

கொருக்குப்பேட்டை அண்ணன் ஒருவர் மூச்சிழுப்புக்கு அந்த டாக்டரின் சீட்டோடு வந்தார். கன்டெய்னர் யார்டில் எப்போதும் இரவு ஷிப்ட். பத்து நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை, பக்கத்தில் ‘மானே’.

“காலீலன்னா எப்பம்மா? வேலை முட்ச்சி வந்து தூங்கசொல்லவா, எய்ந்த பொறவா?”

அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எனக்கு எரிச்சல்.

“லத்தீன்லயே காலைன்னுதாண்ணே போட்டிருக்கு. உங்களுக்குன்னு தனியா ஒரு காலையா? விடிஞ்சதும் போடுங்க.” உறையில் பேனாவால் ஒரு சூரியனும் வரைந்து கொடுத்தேன். நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அந்த மாத்திரை தூக்கத்தைக் கெடுக்கும். அதனால்தான் எழுந்ததும் போடச் சொல்கிறார்கள். இது எனக்குப் பாடத்திலேயே உண்டு. இரவு ஷிப்ட் பார்ப்பவர் எழுவதே சாயங்காலம்தான். ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும், நான் யோசிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து வந்தார். வலது கையில் பெரிய கட்டு.

“இய்ப்பு சுத்தமா நின்னுச்சிமா. வெயிலுதான் பேஜாரு பண்ணிடுச்சி, பத்து நாளு பொட்டுத் தூக்கமில்ல. கண்ணு சொக்கசொல்ல சங்கிலில கை மாட்டிக்கினுச்சி. ரெண்டு வெரலு பூட்ச்சி.”

அவர் இடது கையால் சட்டைப்பையிலிருந்து காலி உறையை எடுத்து மேசையில் வைத்தார். என் சூரியன் வியர்வையில் மங்கியிருந்தது.

“நீ சொன்னா மாதிரியே ஒரு நாளு வுடல, விடிஞ்சதும் போட்டுட்டேன்.”

வெயில் இல்லை அண்ணே, நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். புண்ணுக்கு எழுதியிருந்த மாத்திரைகளை எடுத்து வைத்துவிட்டு, “நீங்க எப்பண்ணே எழுந்திருப்பீங்க?” என்று கேட்டேன்.

“இன்னாமா, அன்னிக்கி நான் கேட்டேன், கலாய்ச்சிட்ட. இன்னிக்கி நீயே கேக்கற. இனிமே எனக்கு இன்னா ஷிப்டு? வூட்லதான் கீறேன். எல்லாரு மாதிரியும் காலீலதான் எய்ந்துக்கறேன்.”

பேனாவைக் கையில் எடுத்தேன். உறையில் எதுவும் வரையவில்லை.