டெல்லிக்குப் போய்த் திரும்பச் சாமிக்கு வழிச்செலவு

2023 மே 18, வியாழக்கிழமை, காலை பத்து நாற்பது. அக்னி நட்சத்திரம், காற்று அசையவில்லை. விருத்தாசலத்தில் பேத்தி படித்த கல்லூரியின் அலுவலகத்தில் அவளுடைய டி.சி.யை வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

நூலகம், ஆய்வகம், விளையாட்டு, அலுவலகம் என்று நான்கு இடத்தில் பாக்கி இல்லை என்று கையெழுத்து வேண்டும். பிள்ளைகள் இதற்கு ஒரு வாரம் அலைவார்கள். நான் ஒன்றரை மணி நேரத்தில் முடித்தேன். பள்ளி அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் இருந்தவனுக்கு எந்த மேசைக்கு முதலில் போக வேண்டும் என்று தெரியும். டி.சி. இல்லாமல் ஒரு பிள்ளையையும் நாங்கள் உள்ளே விட்டதில்லை.

பேத்தி கணிதத்தில் முதல் வருடம் முடித்திருந்தாள். இரண்டாம் வருடத்துக்கு டெல்லியில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறப் போவதாகச் சொன்னாள். அங்கே இடம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்று கேட்டேன். அவள் சொன்னதை வைத்துப் பார்த்தால், எங்கள் தெருவில் உள்ள நாற்பத்திரண்டு வீட்டிலிருந்தும் வீட்டுக்கு ஒருவர் கேட்டால் ஒருவருக்குக் கிடைக்கும். மதிப்பெண் பட்டியல் வாங்கி வரச் சொல்லி வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு தாளில் வாங்கிக்கொண்டேன். அந்த இரண்டாவது தாளில்தான் டி.சி. கேட்டு எழுதினேன்.

நேராகப் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் போனேன். அங்கே மகளின் கொட்டகையில் பேத்தியும் சேர்ந்து அகல் விளக்குகளை எண்ணிச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தாள். டி.சி.யை நீட்டினேன். அவள் இரண்டு தடவை படித்தாள்.

"தாத்தா, நான் கேட்டுத்தான் இருக்கறேன். அவங்க இன்னும் குடுக்கலியே."

முடிவு ஜூன் கடைசியில்தான் வருமாம். இடம் கிடைத்த பிறகுதான் டி.சி. வாங்க வேண்டுமாம். மகளுக்கு எண்ணிக்கை விட்டுப்போனது. அறுநூற்று நாற்பது என்று நான் எடுத்துக் கொடுத்தேன்.

"அதை மட்டும் சரியா சொல்லுங்க," என்றாள் மகள். "பொண்ணு பாக்கப் போறதுக்கு முன்னாடியே மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுக்கற ஆளுப்பா நீங்க."

மதியமே திரும்பக் கல்லூரிக்கு ஓடினேன். பெயரை நீக்கிக் கணினியில் ஏற்றியாகிவிட்டது. மறுபடி சேர்ப்பதற்கு மேலிடத்துக்கு எழுதலாம், கிடைக்கும் என்று தன் வாயால் சொல்ல முடியாது என்றார் எழுத்தர். ஆக, டெல்லி இல்லையென்றால் பேத்திக்கு விருத்தாசலமும் இல்லை.

மறுநாள் காலை மணவாளநல்லூர் போனேன். அந்த முருகன் கோயிலில் குறையைப் பிராதாக எழுதிக் கொடுத்தால், பூசையில் வைத்து, சந்நிதி வேலில் கட்டித் தொங்கவிடுவார்கள். தொண்ணூறு நாளில் சாமி விசாரித்துத் தீர்ப்பார் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சாமி விசாரிக்கப் போகும் தூரத்துக்குக் கிலோமீட்டருக்கு இத்தனை பைசா என்று கட்ட வேண்டும்.

பணம் வாங்குகிறவர் ஊரைக் கேட்டுவிட்டு மூன்று கிலோமீட்டர் என்று எழுதப் போனார். நிறுத்தினேன். குறை விருத்தாசலத்தில் இல்லை, டெல்லியில் இருக்கிறது. ரயில் தூரம் 2,400 என்று போடுங்கள் என்றேன்.

"வூட்டுக்குத்தாங்க கணக்கு. அவ்ளோ தூரத்துக்கு யாரும் கட்டினதில்ல பெரியவரே."

வீட்டில் விசாரித்து என்ன பயன், வீட்டில் எல்லாருக்கும் விஷயம் தெரியும் என்றேன். எனக்குப் பின்னால் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்த ஓர் அம்மாள் நின்றிருந்தார். வயலுக்குப் போகும் பாதையைப் பங்காளி அடைத்துவிட்டதாக அவருக்குப் பிராது.

"பெரியவரே, போறதுக்கு மட்டும் கட்டினா எப்பிடி? சாமி திரும்பி வர வேணாமா? எங்க கேசு வேற நிக்குது."

வரிசையே சிரித்தது. எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. 4,800 கிலோமீட்டருக்குக் கட்டினேன்.

ஜூன் ஒன்பதாம் தேதி மாலை கணினியில் நேர்காணல். பேத்தி அறைக்குள், நான் கதவுக்கு வெளியே. இங்கிலீஷில் ஏதோ கேட்டார்கள், அவள் ஏதோ சொன்னாள், மூன்று பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தவளிடம் என்ன கேட்டார்கள் என்றேன்.

"இங்க எடம் கெடைக்கலன்னா என்ன பண்ணுவேன்னு கேட்டாங்க தாத்தா. எனக்கு வேற எடமே இல்ல, எங்க தாத்தா டி.சி.ய வாங்கிட்டாருன்னு சொன்னேன்."

பதினான்கு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் நன்றாகச் சாப்பிட்டாள். ஜூன் 23, பிற்பகல் மூன்று பத்துக்கு, இடம் கிடைத்துவிட்டதாக மெயில் வந்தது. மகள் எனக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தாள். ஒரு டீ போட்டுக் கொடுத்தாள்.

காரியம் முடிந்தால் பிராதை வாபஸ் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் சாமி விசாரித்துக்கொண்டே இருப்பார். மறுநாளே போனேன். பணம் வாங்குகிறவர் தலை நிமிர்ந்து, "டெல்லி பெரியவரா, வாங்க," என்றார். ஸ்ரீமுஷ்ணத்து அம்மாளின் பாதை திறந்ததா என்று கேட்டேன். இன்னும் வாபஸுக்கு வரவில்லை என்றார்.

ஆட்டோ ஐந்து தடவை, ஜெராக்ஸ், அர்ச்சனை, பிராது, வாபஸ். டி.சி.க்குக் கட்டணம் கிடையாது. மொத்தம் 1,963 ரூபாய்.