சிவப்பியின் வாயைக் கட்டிய கயிறு

பூமணியின் பசுவைக் கொன்றவன் நான்தான்! வெங்காயத் தாள் தின்று வயிறூதிச் செத்ததென்று ஊர் நம்பியது. நம்ப வைத்தவனும் நானே.

என்னைச் சாதாரண ஆளென்று எண்ணிவிடாதீர்கள். எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்து வேலணையில் அரசாங்கத்துக்குப் பெட்டிசம், மனு எழுத வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். வண்டில் மாட்டுக்கு அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றிய இருவரை நீதிமன்றம் வரை இழுத்தவன் நான். மிருகவதைச் சட்டம் எனக்குத் தலைகீழாகப் பாடம். கட்டாமல் திரியும் கட்டாக்காலி மாட்டைப் பிடித்துக் கட்டலாம். ஆனால் உடையவருக்கு அறிவிக்க வேண்டும், தீனும் தண்ணீரும் வைக்க வேண்டும்... இதை எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருப்பேன்!

அந்தப் பங்குனியில் அயல்வீட்டுப் பூமணியின் பசு சிவப்பி என் வெங்காயத் தோட்டத்துக்குள் புகுந்தது. பிடித்து, பின்வேலியோடு நின்ற பனையில் கட்டினேன். தென்னோலைக் கிடுகு வேலி உயரம், வெளியே ஒழுங்கையில் போகிறவர்களுக்குத் தெரியாது. பூமணி வந்து கெஞ்சட்டும் என்றிருந்தேன். வந்தாள்.

“அண்ணை, எங்கட சிவப்பியைக் கண்டனீங்களோ? கண்டுக்குட்டி பாலுக்குக் கத்துது.”

“நான் காணேல்லைப் பிள்ளை.”

ஏன் அப்படிச் சொன்னேன்? ஒரு நாள் அலையட்டும் என்ற வீம்பு. வேறொன்றுமில்லை!

சொன்ன பிறகு அவிழ்த்துவிட முடியுமா? என் சொல் என்னாவது? அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி ஒழுங்கையால் போனாள். அந்தக் குரலுக்குச் சிவப்பி கத்துமே! ஓடிப்போய் அதன் வாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன்.

கட்டிய வாய்க்குத் தண்ணீர் ஏது? அவிழ்த்தால் கத்தும்... இரண்டு நாள் பூமணி புளியங்கூடல் ஊர் வரை தேடினாள். இரண்டு நாளும் கொடும் வெயில்.

மூன்றாம் நாள் காலை சிவப்பி செத்துக் கிடந்தது. கயிறுகளை அவிழ்த்து அடுப்பில் போட்டேன். நாலு வெங்காயத் தாளைப் பிடுங்கி அதன் வாயருகில் வைத்தேன். பிறகு பூமணியைக் கூப்பிட்டு, விடியற்காலை புகுந்து தாள் தின்று விழுந்ததென்றேன்.

ஊர் அதிகாரியான விதானையார் விசாரிக்க வந்தார். அவளுடைய வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்தது யார்? நான்தான்! அதில் ஒரு பிழை கண்டுபிடிக்க எவராலும் முடியாது. அவள் வாசிக்காமலே கையெழுத்து வைத்தாள்.

“அண்ணை எழுதினாச் சரியாத்தான் இருக்கும்.”

பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“கனநேரம் தவிச்சதோ அண்ணை?”

“இல்லைப் பிள்ளை. விழுந்த உடனையே செத்துப்போச்சு.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த ஒரு ஆறுதலுக்காக என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

நான் தடுக்கவில்லை... இன்றுவரை அவளுக்கு உண்மையைச் சொல்லவும் இல்லை.