வேனுக்கு இழுத்த கரண்டு

எண்பதுகளின் நடுவில் ஒரு ஆவணி மாதம் என் அக்காவும் மாமாவும் விழுப்புரத்தை விட்டுக் கிளம்பி, திண்டிவனத்தில் என் வீட்டுக் கொல்லைக்கு ஒரு வேனோடு வந்து சேர்ந்தார்கள். விருந்துக்கு வரவில்லை. அந்த வேன்தான் அவர்களுக்கு வீடு. மாமா பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். ஏலத்தில் ஒரு ஓட்டை வேனை எடுத்து, பின்சீட்டையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, கட்டில், அலமாரி, ஸ்டவ் வைக்க ஒரு மேடை, முருகன் படத்துக்கு ஒரு பலகை என்று அடித்து வைத்திருந்தார். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. எனக்கு மானம் போயிற்று.

விழுப்புரத்தில் வீடு இல்லாமலா? மாமாவின் அப்பா கட்டிய வீடு இருந்தது. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. மாமாவின் தம்பி மகனுக்குக் கல்யாணம் ஆனதும், நீங்கள் ரெண்டு பேர்தானே, கூடத்தில் படுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, வாழ வந்த நாளிலிருந்து அவள் இருந்த அறையைப் பிடுங்கிக்கொண்டார்கள். இனிமேல் அடுத்தவர் கூரைக்குக் கீழே தலைசாய்ப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். அந்த அடுத்தவரில் கூடப்பிறந்த நானும் சேர்த்தி. என் வீட்டு முன்னறை காலியாகத்தான் கிடந்தது. நானும் என் மனைவியும் கூப்பிட்டுக் கூப்பிட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"வேனுக்குள்ள ஒரு லைட்டு, ஒரு ஃபேனு ஓடறாப்பல பண்ணிக் குடு. இங்கியே இருக்கேன்" என்றாள் அக்கா. "முடியலன்னா சொல்லிடு. பனமலை ஏரிக்கரைல வண்டிய வுட்டுக்கினு நாங்க பாட்டுக்கு இருந்துக்கறோம்."

அவள் சொன்னால் செய்கிறவள். அறுபதை நெருங்கும் இரண்டு பேர் ஏரிக்கரையில் வேனுக்குள் கிடப்பதா? சரி, ஒரு ஒயர் இழுப்பதுதானே, எப்பாடு பட்டாவது இழுத்துவிடுவோம் என்று இறங்கினேன். அங்கேதான் பிடித்தது சனி.

மாமாவுக்குத் தெரிந்த ஒயர்மேன் ஒருவர் விழுப்புரத்தில் இருந்தார். திண்டிவனத்தில் தெருவுக்கு ஒரு ஒயர்மேன் இருக்க, அவர்தான் வர வேண்டும் என்று மாமா ஒற்றைக்காலில் நின்றார். அந்த ஆள் வருகிறேன் என்ற நாளில் வரமாட்டார். வந்த நாளில் சாமான் இருக்காது. நான் மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், கணக்கு எழுதுகிறவன், சீசன் நேரம். அரை நாள் அரை நாளாக லீவு போட்டுவிட்டு அவருக்காக வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் ஒயரோடு வந்தார், ஸ்குரூ டிரைவர் இல்லை. இன்னொரு நாள் எல்லாம் இருந்தது, கரண்ட் இல்லை. நாலாவது தடவையில் ஒருவழியாக என் வீட்டு மீட்டரிலிருந்து சுவரோடு சுவராக ஒயர் இழுத்து, கொல்லைச் சுவரில் ஒரு பிளக் பாயிண்ட் வைத்தார். மழை படாமல் இருக்க ஒரு பிஸ்கட் டின்னை வெட்டி மேலே குடையாக அடித்தார். அதை மட்டும் நன்றாகச் செய்தார், இல்லை என்று சொல்ல மாட்டேன். வேனின் தகரத்தில் ஓட்டை போட்டு ஒயரை உள்ளே விட்டார்.

பிளக் பாயிண்டில் மூன்று ஓட்டை. வேனுக்குப் போன ஒயரில் இரண்டு கம்பிதான்.

"எர்த்து?" என்று கேட்டேன்.

"வண்டிக்கு இன்னாத்துக்கு சார் எர்த்து? நாலும் ரப்பர் டயரு. ரப்பர்ல கரண்டு ஏறாது" என்றார் ஒயர்மேன்.

"இவன் எப்பவும் இப்படித்தான், சும்மா சும்மா பேஜாரு பண்ணுவான்" என்றார் மாமா. இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததில் நானும் வாயை மூடிக்கொண்டேன். அந்த நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஃபேன் ஓடியது. அக்காவின் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன். மறுநாளிலிருந்து அவள் ஒரு வீட்டுக்காரியாகவே ஆகிவிட்டாள். விடிந்ததும் வேனின் பின்கதவுக்கு முன்னால் சாணி தெளித்துக் கோலம் போடுவாள். உள்ளே முருகன் இருப்பதால் செருப்பை நாலடி தள்ளியே விட்டுவிட வேண்டும் என்பது அவள் சட்டம். மாமா மட்டும் விதிவிலக்கு. பழக்க தோஷத்தில் அவர் எப்போதும் டிரைவர் பக்கக் கதவு வழியாகத்தான் ஏறுவார், ரப்பர் செருப்போடு.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கொல்லை முழுக்கச் சொதசொதவென்று ஈரம். ஒரு காலையில் என் மனைவி கொடுத்த காப்பியை எடுத்துக்கொண்டு போனேன். அக்காவின் சட்டப்படி செருப்பைத் தள்ளி விட்டுவிட்டு, கோலத்தைச் சுற்றிப் போய், கதவுப் பிடியில் கை வைத்தேன். தோள்பட்டை வரைக்கும் யாரோ பிடித்து உதறியது போல இருந்தது. டம்ளர் எங்கேயோ பறந்தது. நான் சேற்றில் உட்கார்ந்திருந்தேன்.

நான் கத்திய கத்தலில் மாமா ஓடி வந்தார். செருப்புக் காலோடு கதவைத் தொட்டுப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் அடிக்கலியே" என்றார். நான் தூக்கக் கலக்கத்தில் வழுக்கி விழுந்தேனாம்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கிடைத்த முதல் பஸ்ஸில் விழுப்புரம் போய், ஒயர்மேனை அவர் வீட்டிலேயே பிடித்துக் கையோடு கூட்டி வந்தேன். அவர் பிளக்கைச் சொருகிவிட்டு வந்து கதவைத் தடவிக் கொடுத்தார்.

"எங்க சார் ஷாக்கு? நீங்க மனசுல பயந்துக்கினு இருக்கீங்க."

"செருப்பக் கழட்டிட்டுத் தொடுய்யா" என்றேன்.

கழற்றினார். தொட்டார். அடுத்த நொடி இரண்டடி பின்னால் நின்று கையை உதறிக்கொண்டிருந்தார். தகரத்து ஓட்டையின் விளிம்பு ஒயரின் தோலை அறுத்திருந்தது. வேன் முழுக்கக் கரண்டு. டயர் ரப்பரானதால் அது மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல், வெறுங்காலோடு வருகிறவனுக்காகக் காத்திருந்திருக்கிறது. உள்ளே இருப்பவரை அது ஒன்றும் செய்யாது. செருப்புப் போட்டவரையும் ஒன்றும் செய்யாது.

மாமா குனிந்து தன் ரப்பர் செருப்பைப் பார்த்தார். எனக்குள் ஒரு கெட்ட சந்தோஷம், பார்த்தாயா என்று. அப்போதுதான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை. அந்தக் கதவு வழியாக வெறுங்காலோடு தினமும் பத்துத் தடவை ஏறி இறங்குகிறவள் அவள் ஒருத்திதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"உனக்கு அடிக்கலியா?" என்று கேட்டேன்.

"மழ புடிச்சதுலேர்ந்து அடிக்குது" என்றாள். "முந்தானைய மடிச்சுக் கைல சுத்திக்கினு தொறப்பேன். அப்ப அவ்ளோவா தெரியாது."

"எத்தினி நாளா? வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா கரண்டப் புடுங்கிடுவ. அப்புறம் வூட்டுக்குள்ள வந்து படுன்னுவ."

"ஈரப் புடவையா இருந்தா? அங்கியே செத்துக் கெடந்தா?" ஒயர்மேன் நிற்கிறார் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன்.

அக்கா கத்தவில்லை. "செத்தாலும் என் வூட்டு வாசல்ல செத்தேன்னு இருக்குமே தம்பி" என்றாள்.

என் மனைவி சட்டென்று உள்ளே போய்விட்டாள். மாமா டிரைவர் சீட்டில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துகொண்டார். எனக்கு அவள் மேல் கோபம், அவளை அப்படிச் சொல்ல வைத்தவர்கள் மேல் கோபம், எல்லாவற்றையும் விட என் மேல் கோபம். முன்னறைக்கு வா என்று அதற்குப் பிறகு நான் அவளைக் கூப்பிடவே இல்லை. அன்றைக்கு மண்டிக்கும் போகவில்லை. கடப்பாரையை எடுத்து, கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்க வேனுக்குப் பக்கத்தில் எர்த்துக் குழி தோண்ட ஆரம்பித்தேன். குழியில் போடக் கரியும் உப்பும் வாங்கி வந்து நின்ற ஒயர்மேன், ஆழம் போதும் சார், போதும் சார் என்று இரண்டு தடவை சொன்னார். நான் தோண்டிக்கொண்டே இருந்தேன்.